வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கலாமா?

கேள்வி: பெருந்துறையை அடுத்த ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மகளுக்கு வரும் ஏப்ரலில் 5 வயது முடிகிறது. தனியார் பள்ளியில் யு.கே.ஜி. படிக்கிறாள். நடந்து போகும் தூரத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி இருக்கிறது. 46 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். ‘ஆங்கில வழிக் கல்வியும் உண்டு’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். தனியார் பள்ளி 7 கிலோமீட்டர் தள்ளி. ஒன்றாம் வகுப்புக்குக் கட்டணமும் வேனும் சேர்த்து 52,000 ரூபாய் சொல்கிறார்கள். கணவர் சிப்காட்டில் வேலை பார்க்கிறார். பணம் கட்ட முடியாது என்றில்லை, கட்டினால் வேறெதுவும் மிஞ்சாது. ‘அங்கே போட்டால் பிள்ளை பின்தங்கிவிடும்’ என்கிறார் மாமியார். ‘அரசுப் பள்ளியில் படித்தால்தான் கல்லூரியில் சலுகை’ என்கிறார் நாத்தனார். ஒரு பள்ளியை எப்படிப் பார்த்து முடிவெடுப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நாத்தனார் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அது சீக்கிரம் முடியும். கல்லூரி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார்கள் என்பதையே பார்க்கின்றன. ஒன்று முதல் ஐந்து வரை எங்கே படித்தாலும் அவற்றில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்தே கணக்கில் வருவது வேறொன்று. மாநில அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அதற்குத் தொடக்க வகுப்பு முதலே தமிழ் வழியில் படித்த சான்று கேட்கிறார்கள். தமிழ் வழியா, ஆங்கில வழியா என்று யோசிக்கும்போது அதை நினைவில் வையுங்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் பள்ளியை அரசு வேலையை மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. தெரியாமல் விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இனி உங்கள் கேள்வி. பள்ளியைப் பார்க்கப் போகிற பெற்றோர் பெரும்பாலும் வண்ணம் அடித்த சுவரையும், ஸ்மார்ட் வகுப்பறைத் திரையையும், கழிப்பறையையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். கழிப்பறை முக்கியம்தான், பின்னால் சொல்கிறேன். ஆனால் ஒரு தொடக்கப்பள்ளியின் தரத்தைத் தீர்மானிப்பவை இரண்டு. ஜூன் முதல் ஏப்ரல் வரை வகுப்பறையில் ஆசிரியர் இருப்பாரா? அங்கே மூன்றாம் வகுப்பு முடிக்கப்போகிற பிள்ளை, முன்பு பார்த்திராத ஒரு பத்தியைத் தமிழில் வாசிக்கிறதா? இந்த இரண்டுக்கும் பதில் ‘ஆம்’ என்றால் மற்றக் குறைகளோடு வாழலாம், சரியும் செய்யலாம். இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால், எத்தனை திரை மாட்டியிருந்தாலும் வேண்டாம்.

ஆசிரியர் கணக்கு

46 பிள்ளைகளுக்கு 2 ஆசிரியர் என்பது சட்டப்படி சரியான எண்ணிக்கை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4 என்று வகுக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பணியிடத்தை நிர்ணயிக்கிறார்கள். 63 பிள்ளைகளும் 3 ஆசிரியர்களும் உள்ள பள்ளி பார்க்க வசதியாகத் தெரியும். ஆனால் அடுத்த ஆண்டு மூன்று பிள்ளைகள் டி.சி. வாங்கினால் ஒரு ஆசிரியர் உபரியாகி, பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடலாம். உங்கள் பள்ளிக்கு அந்தப் பயம் இல்லை. 46 என்பது 35 ஆனாலும் இரண்டு பணியிடம் இருக்கும்.

பணியிடம் இருப்பது வேறு, ஆள் இருப்பது வேறு. இங்கேதான் பெரும்பாலான பள்ளிகள் தடுமாறுகின்றன. இரண்டு பேரில் ஒருவர் தலைமையாசிரியர். அவரும் வகுப்பு எடுக்க வேண்டும். எமிஸ் பதிவு (பிள்ளைகளின் விவரங்களை அரசின் இணையத்தளத்தில் ஏற்றுவது), காலை உணவு, சத்துணவுக் கணக்கு, வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டம் எல்லாம் அவர் தலையில். அவர் கூட்டத்துக்குப் போகும் நாளில் இன்னொருவர் ஐந்து வகுப்பையும் பார்ப்பார். அந்த இன்னொருவர் மகப்பேறு விடுப்பில் போனால் அது ஓராண்டு. மாற்றுப்பணியில் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பியிருந்தால் ஏட்டில் பெயர் இருக்கும், வகுப்பில் ஆள் இருக்காது. இதெல்லாம் யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை, ஈராசிரியர் பள்ளியின் அமைப்பே அப்படி. அதனால் தலைமையாசிரியரிடம் ‘நல்லா சொல்லித் தருவீங்களா சார்?’ என்று கேட்டுப் பயனில்லை. கேட்க வேண்டியவை வேறு. இரண்டு பேருமே இங்கேதான் வேலை பார்க்கிறார்களா, யாராவது மாற்றுப்பணியில் இருக்கிறார்களா? எத்தனை ஆண்டாக இந்தப் பள்ளியில்? சொந்த ஊர் எது? இந்தக் கல்வியாண்டோடு யாருக்காவது ஓய்வு வருகிறதா? ஒருவர் நீண்ட விடுப்பில் போனால் போன முறை என்ன ஏற்பாடு செய்தீர்கள்?

சொந்த ஊரைக் கேட்பது ஊர்வம்புக்காக அல்ல. தினம் இரண்டு பேருந்து மாறி வருகிறவர் அடுத்த பொது மாறுதல் கலந்தாய்வில் வீட்டுக்குப் பக்கத்தில் இடம் கேட்பார், கேட்பது அவர் உரிமை. பெருந்துறையிலோ ஈரோட்டிலோ குடியிருந்து ஆறேழு ஆண்டாக இங்கேயே இருப்பவர் என்றால், உங்கள் மகள் மூன்றாம் வகுப்பு போகும்வரை அவர் இருக்க வாய்ப்பு அதிகம். இந்த ஒரு தகவல் கட்டடத்தைப் பற்றிய பத்துத் தகவல்களுக்கு மேல்.

போவதற்கு முன் வீட்டிலிருந்தே ஒன்று செய்யலாம். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யுடைஸ் எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அது 33 என்று தொடங்கும். யுடைஸ் பிளஸ் என்ற மத்திய அரசின் பள்ளித் தகவல் தளத்தில் பள்ளியைத் தேடினால் அறிக்கை அட்டை கிடைக்கும். அதில் வகுப்புவாரியான எண்ணிக்கையைப் பாருங்கள். முடிந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளின் அட்டையை அடுத்தடுத்து வைத்து, ஒரே பிள்ளைகள் மேலே ஏறி வருகிறார்களா என்று பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் 12 பேர் சேர்ந்து, இரண்டு ஆண்டு கழித்து மூன்றாம் வகுப்பில் 7 பேர் என்றால் ஐந்து குடும்பங்கள் நடுவில் போயிருக்கின்றன. வேலை தேடி இடம்பெயர்ந்தவர்களா, அதிருப்தியில் போனவர்களா என்று ஊரில் விசாரித்தால் தெரிந்துவிடும். தளத்தில் இருப்பது சில மாதம் அல்லது ஓராண்டு பழைய நிலவரம் என்பதால், அங்கே ‘2 ஆசிரியர்’ என்று இருப்பதை அப்படியே நம்பாமல் நேரில் உறுதிசெய்யுங்கள்.

வாசிப்பைப் பார்ப்பது

இதுதான் உங்கள் நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய இடம். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் செய்யுங்கள். ஜூனில் பார்த்தால், கோடை விடுமுறையில் மறந்ததையும் சேர்த்துப் பள்ளியின் தலையில் போட்டுவிடுவீர்கள்.

பள்ளிக்குள் போய்ப் பிற வீட்டுப் பிள்ளைகளைச் சோதிப்பது சரியல்ல, அனுமதிக்கவும் மாட்டார்கள். உங்கள் தெருவிலேயே அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். பெற்றோரிடம் சொல்லி, அவர்கள் வீட்டுத் திண்ணையில் வைத்தே விளையாட்டுப் போலக் கேளுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளை ஒன்று, நடுத்தரம் ஒன்று, ‘இவனுக்குப் படிப்பே ஏறல’ என்று சொல்லப்படுகிற பிள்ளை ஒன்று என்று மூன்று பேராவது வேண்டும். முதல் பிள்ளையை மட்டும் பார்த்தால் அந்தப் பிள்ளையின் அம்மாவின் உழைப்பைத்தான் அளப்பீர்கள். மூன்றாவது பிள்ளைதான் பள்ளியைக் காட்டும்.

இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலிருந்து நான்கைந்து வரியுள்ள ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் பெயர்களையும் இரண்டொரு சொற்களையும் மாற்றி, பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதுங்கள். மாற்றுவதற்குக் காரணம் உண்டு. பல பிள்ளைகள் பாடத்தைக் கேட்டே மனப்பாடம் செய்திருப்பார்கள். விரல் ஒரு சொல்லில் இருக்கும், வாய் மூன்று சொல் முன்னால் ஓடும். மாற்றி எழுதிய பத்தியில் அது உடனே பிடிபடும். வாசித்து முடித்ததும், கதையில் யார் என்ன செய்தார்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள்.

தடுமாறினால் எங்கே தடுமாறுகிறது என்று கவனியுங்கள். ல, ள, ழ அல்லது ர, ற குழப்பம் மூன்றாம் வகுப்பில் சாதாரணம். கௌ வரிசை தெரியாவிட்டால் போகட்டும். கி-கீ, கெ-கே, கொ-கோ வேறுபாடு தெரியாமல் குறிலையும் நெடிலையும் கலந்து வாசித்தால், உயிர்மெய் வரிசையை ஒன்று, இரண்டாம் வகுப்பில் யாரும் முறையாகக் கற்பிக்கவில்லை. அதை விட்டுவிட்டு நான்காம் வகுப்புப் பாடத்துக்குப் போன பிள்ளை, அறிவியலையும் சமூகவியலையும் வாசிக்க முடியாமல் எழுதி எழுதி மனப்பாடம் செய்தே காலம் தள்ளும்.

கணக்குக்கு இரண்டே போதும். 53 கழித்தல் 28, கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா? 48 மாங்காயை 4 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு எத்தனை? முதல் கணக்கில் 35 என்று விடை வந்தால், 8-லிருந்து 3-ஐக் கழித்திருக்கிறது. இட மதிப்பு புரியவில்லை என்று பொருள். இரண்டாவது கணக்கை வாயால் சொல்லியோ கோடு போட்டோ எப்படிச் செய்தாலும் சரி. மாங்காய்க் கணக்கு வராத பிள்ளை 12-ஆம் வாய்ப்பாடு ஒப்பித்தால் மயங்காதீர்கள்.

ஆங்கிலத்தில், அறிமுகமில்லாத மூன்றெழுத்துச் சொற்கள் பத்தைக் கொடுத்து எத்தனை படிக்கிறது என்று பாருங்கள். ஐந்தாறு வந்தால் ஈராசிரியர் பள்ளிக்கு நல்ல நிலைதான்.

மூன்று பேரில் இரண்டு பேர் பத்தியை வாசித்து, மூன்றாவது பிள்ளை சொற்களையாவது தனித்தனியே கூட்டிப் படித்தால் தைரியமாகச் சேர்க்கலாம் என்பது என் கருத்து. முதல் பிள்ளை மட்டுமே வாசித்தால் நன்றாக யோசியுங்கள்.

இதே தாளை எடுத்துக்கொண்டு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் மூன்று பிள்ளைகளிடமும் போங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. அங்கே ஆங்கிலப் பாடத்தைச் சரளமாக வாசிப்பார்கள். ஒரு வரியின் பொருளைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். 53-28 அங்கேயும் 35 ஆகிறதா என்று பாருங்கள். 52,000 ரூபாய் எதை வாங்கித் தருகிறது என்று அப்போது தெரியும். உண்மையாகவே நன்றாகக் கற்பிக்கும் பள்ளி என்றால் அதுவும் தெரியும், அதை மறுக்க வேண்டியதில்லை.

பள்ளிக்குப் போகும் நாள்

வேலை நாளில், தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். சேர்க்கைக்காகப் பார்க்க வருகிறோம் என்றால் பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே வரவேற்பார்கள். எண்ணிக்கைதான் அவர்கள் கவலை. முதல் மணி அடிப்பதற்கு முன் ஒருமுறை, மதியம் இரண்டரை மணிவாக்கில் ஒருமுறை போனால் நல்லது. காலையில் எல்லாப் பள்ளியும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் விஷயம். பிள்ளைகளைப் படம் எடுக்க வேண்டாம்.

ஈராசிரியர் பள்ளியில் 1, 2, 3 வகுப்புகள் ஒருவரிடமும் 4, 5 மற்றவரிடமும் இருப்பதுதான் வழக்கம். மூன்று வகுப்பு ஒரே அறையில் என்றதும் பதற வேண்டாம். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று குழுவாக்குகிறது. அரும்பு தொடக்க நிலை, மலர் மேல் நிலை. நன்றாக நடத்தினால் உங்கள் மகளுக்கு இது சாதகம். யு.கே.ஜி.யில் எழுத்துகளைக் கற்றுவந்த பிள்ளை, ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டே இரண்டாம் வகுப்புக்காரர்களின் வேலையைச் செய்யலாம். மாமியாரின் ‘பின்தங்கிவிடும்’ என்ற பயத்துக்கு இதுதான் பதில், ஆனால் ஆசிரியர் அப்படிச் செய்கிறாரா என்று பார்த்த பிறகுதான் அவரிடம் சொல்ல வேண்டும். ஆசிரியர் ஒரு குழுவோடு இருக்கும்போது மற்ற இரண்டு குழுவுக்கும் கையில் வேலை இருக்கிறதா? ‘பார்த்து எழுது’ என்று போட்டுவிட்டு இருபது நிமிடம் விடுகிறாரா?

பயிற்சி நூல்களைக் காட்டச் சொல்லுங்கள், ஒரே வகுப்பிலிருந்து மூன்று. மூன்றிலும் விடைகள் ஒரே மாதிரி, தவறுகூட ஒரே தவறு என்றால் கரும்பலகையைப் பார்த்து எழுதியவை. விடைகள் வேறுபட்டு, சில அடிக்கப்பட்டு, பக்கத்தில் ஆசிரியர் திருத்தி எழுதித் தேதியும் போட்டிருந்தால், அழகாக இல்லாவிட்டாலும் அதுதான் உயிருள்ள வகுப்பறை. பக்கம் முழுக்க சிவப்பு டிக், ஒரு திருத்தமும் இல்லை என்பது நல்ல அறிகுறி அல்ல. மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் மலர் நிலையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் இன்னும் அரும்பில் என்று கேளுங்கள். தயங்காமல் ‘எட்டுப் பேரில் இரண்டு பேர் இன்னும் அரும்புதான், இன்னாருக்கு இன்ன சிக்கல்’ என்று பெயரோடு சொல்கிற ஆசிரியரை நம்பலாம். ‘எல்லாரும் மலர்தாங்க’ என்கிறவரை விட இவர் பலமடங்கு மேல்.

மேசையில் குச்சி இருக்கிறதா என்று பாருங்கள். அடிப்பது சட்டப்படி குற்றம். ‘நாலு அடி போடுங்க சார்’ என்று கேட்கிற பெற்றோரும் நம்மில் உண்டு, அது வேறு கதை. அறையைப் பெருக்குவது யார், தண்ணீர் எடுப்பது யார், எப்போதும் ஒரே தெருப் பிள்ளைகளா? சாப்பிடும்போது எல்லாரும் கலந்து உட்கார்கிறார்களா? கழிப்பறையைப் பிள்ளைகளைக் கொண்டு கழுவவைக்கிற பள்ளி என்று தெரிந்தால், வாசிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே சேர்க்காதீர்கள். சேர்க்காமல் போவதோடு நிற்காமல் 14417 என்ற கல்வி உதவி எண்ணிலோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலோ சொல்லுங்கள்.

கழிப்பறைக்கு வருவோம். கட்டடம் இருக்கிறதா என்பதைவிட, மதியம் மூன்று மணிக்குத் தண்ணீர் வருகிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, பூட்டிச் சாவியை ஆசிரியர் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். இரண்டு மூன்று பெண் பிள்ளைகளிடம் ‘இன்னிக்கு எத்தனை தடவ போன?’ என்று கேட்டால் போதும். நாற்றமடிக்கும் கழிப்பறைக்குப் பயந்து பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். அதனால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரும். கழிவுநீர்த் தொட்டியின் மூடி கான்கிரீட்டா, துருப்பிடித்த தகரமா என்று நீங்களே நடந்து போய்ப் பாருங்கள்.

வகுப்பறையில் அண்ணாந்து பாருங்கள். கூரைக் காரை உப்பியோ பெயர்ந்து கம்பி தெரிந்தோ இருந்தால், மழைநீர் இறங்கிக் கம்பி துருப்பிடித்திருக்கிறது. வெள்ளையடித்து மறைத்தாலும் அடுத்த மழையில் விழும். அந்த அறையில் பிள்ளைகளை உட்காரவைப்பதில்லை என்றால் பரவாயில்லை, பூட்டியிருக்க வேண்டும். சமையல்கூடம் வகுப்பறையோடு ஒட்டியிருக்கிறதா, மேலே ஓலை ஏதும் வேய்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பலிகொண்ட தீ சமையலறையில் தொடங்கி, கூரைவழியாக வகுப்பறைக்கு ஏறியது. அது அரசுப் பள்ளி அல்ல. ஆகவே தனியார் பள்ளிக்குப் போகும்போதும் இதே கண்ணோடு பாருங்கள், கூடவே மாடிப்படிகள் எத்தனை, எவ்வளவு அகலம் என்றும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளியிலும் காலை உணவு உண்டு, மதியம் முட்டையோடு சத்துணவு. பரிமாறுவதற்கு முன் ஆசிரியர் சுவை பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறாரா என்று மட்டும் கேளுங்கள். பாடநூல், நோட்டு, 4 செட் சீருடை, புத்தகப்பை, காலணி, வண்ணக் கிரேயான் எல்லாம் இலவசம். சீருடை பெரும்பாலும் தொளதொளவென்று வரும், தையற்காரரிடம் ஒருமுறை போக வேண்டியிருக்கும்.

ஆங்கில வழிப் பலகை

அந்தப் பலகையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் ஆங்கில வழிக்குத் தனி ஆசிரியர் கிடையாது. ஒரே அறையில், ஒரே ஆசிரியர், சிலரிடம் தமிழ்க் கணக்குப் புத்தகம், சிலரிடம் ஆங்கிலக் கணக்குப் புத்தகம். விளக்குவது எல்லாருக்கும் தமிழில்தான். விளைவு, ஆங்கில வழிப் பிள்ளை தமிழில் கேட்டதை ஆங்கிலத்தில் பார்த்து எழுதுகிறது. இரண்டும் முழுதாக வருவதில்லை. வீட்டில் தமிழ் பேசும் உங்கள் மகளுக்கு இந்தப் பள்ளியில் தமிழ் வழியையே சொல்வேன். ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் தினம் பதினைந்து நிமிடம், எழுத்தின் பெயரைச் சொல்லாமல் அதன் ஒலியைச் சொல்லிச் சொற்களைக் கூட்டிப் படிக்கும் பழக்கம் போதும். ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாற நினைத்தால் மாறலாம். தமிழில் தடையில்லாமல் வாசிக்கிற பிள்ளை ஒரு பருவம் அறிவியல், கணக்குச் சொற்களோடு திண்டாடிவிட்டுப் பிறகு எழுந்துவிடும்.

வேன்

7 கிலோமீட்டர் என்பது நேரடித் தூரம். வேன் ஊர் ஊராகச் சுற்றி வரும். எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்குகிறாள் என்று கேட்டுக் கணக்கிடுங்கள். போக வர ஒன்றரை மணி நேரம் என்றால் ஐந்து வயதுப் பிள்ளையின் விளையாட்டு நேரம் முழுக்க அதில் போய்விடும். பள்ளி வாகனத்தில் உதவியாளர் இருக்க வேண்டும் என்று 2012-இல் வந்த சிறப்பு விதிகள் சொல்கின்றன. பள்ளியின் பெயரில் இல்லாத ஆம்னி வேனில் பத்துப் பதினைந்து பேரை ஏற்றி வந்தால் அந்த விதி எதுவும் அங்கே நடக்காது.

முடிவெடுத்த பின்

சேர்த்தால், பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். 2024-இல் மாற்றியமைத்தபோது 24 பேர் கொண்டதாக ஆக்கப்பட்டது. பெரும்பான்மை பெற்றோர், அதிலும் பாதிக்குக் குறையாமல் பெண்கள். சேர்ப்பதற்கு முன்பே கடைசி இரண்டு கூட்டத்தின் தீர்மானங்களைக் கேட்டுப் பார்க்கலாம். ‘கழிப்பறைக் குழாய் மாற்றுதல்’ என்று ஒரு கூட்டத்தில் எழுதி, அடுத்ததில் ‘மாற்றப்பட்டது’ என்று இருந்தால் குழு வேலை செய்கிறது. ஒவ்வொரு மாதமும் ஒரே வாசகம், ஒரே கையெழுத்துகள் என்றால் குழு தாளில் மட்டும்தான் இருக்கிறது. ஆசிரியர் காலியிடத்துக்கு வட்டாரக் கல்வி அலுவலரிடம் ஒரு தாய் தனியாகப் போய் நிற்பதைவிட, இந்தக் குழுவின் தீர்மானத்தோடு ஐந்து பேர் போவது வேகமாக நடக்கும்.

முதல் பருவ முடிவில், அதாவது செப்டம்பரில், மகளின் பயிற்சி நூலை எடுத்து மேலே சொன்னபடி பாருங்கள். ஒன்றாம் வகுப்பு முடியும்போது சிறு சொற்களையும் இரண்டு சொல் தொடர்களையும் தானாக வாசிக்க வேண்டும். இரண்டாம் வகுப்பு டிசம்பரில் எளிய வாக்கியம் வாசிக்காவிட்டால் ஆசிரியரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அந்த மார்ச் வரையும் அசைவில்லை என்றால் பள்ளியை மாற்றுவதைப் பற்றி அப்போது யோசிக்கலாம். அதற்கு முன் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆங்கிலப் பாட்டுப் பாடுகிறது என்பதற்காக மாற்றாதீர்கள். ஐந்து ஆண்டில் மூன்று பள்ளி மாறிய பிள்ளைக்கு எந்தப் பள்ளியும் உதவுவதில்லை.

சேர்க்கைக்கு ஜூலை 31 அன்று 5 வயது முடிந்திருக்க வேண்டும். உங்கள் மகளுக்குச் சிக்கலில்லை. நுழைவுத் தேர்வு, கட்டணம், நன்கொடை எதுவும் கிடையாது. பிறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, சாதிச் சான்று ஆகியவற்றின் நகலும் புகைப்படமும் எடுத்துப் போங்கள். ஏதாவது ஒன்று கையில் இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்க முடியாது, பின்னால் கொடுக்கலாம். இப்போதைய பள்ளியில் யு.கே.ஜி. டி.சி.யைக் கட்டணப் பாக்கி சொல்லி இழுத்தடித்தாலும் காத்திருக்க வேண்டியதில்லை. டி.சி. தாமதம் அரசுப் பள்ளியில் சேர்வதற்குத் தடையல்ல என்று கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது.